விழுந்த திசை

லிம் சூ காங் சாலையில், பேருந்து திரும்பிப் போகும் இடத்துக்குச் சற்று முன்
காற்று தரையைத் தொட்டிருக்கிறது.
முதல் அடையாளம் சின்னது:
ஒரு பப்பாளி,
கழுத்தைத் திருகி நிற்கிறது.

நேர்க்காற்றா, சுழற்காற்றா?
அதைச் சொல்லத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.
நேர்க்காற்று என்றால் எல்லா மரமும் ஒரே பக்கம் விழும்,
தேசிய தின அணிவகுப்பு மாதிரி.
சுழன்றிருந்தால்
வலப்பக்கத்து மரம் இடப்பக்கம் சாயும்,
இடப்பக்கத்து மரம் வலப்பக்கம்.
மண்டபத் தரையில் தொலைந்த மோதிரத்தை
இரு வீட்டாரும் குனிந்து தேடுவதுபோல்.

நாடாவின் ஒரு முனை ஹஃபீஸிடம், மறுமுனை என்னிடம்.
மரத்துக்கு மரம் திசைகாட்டி வைக்கிறேன்.
ரம்புத்தான், நூற்றுப் பத்து பாகை.
ஆல்பீசியா, தொண்ணூற்றைந்து.
தென்னை விழவில்லை, தலையை மட்டும் ஒருபக்கமாக வாரியிருக்கிறது.
பாதைக்கு அந்தப் புறம் இன்னோர் ஆல்பீசியா:
முந்நூற்று நாற்பது.
"ஹா" என்றான் ஹஃபீஸ்.
அவன் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேசுவான்.

தியோவின் கீரைத் தோட்டத்தில் வலைக்கூடாரம் பதினொன்று இருந்ததாம்.
எண்ணிப் பார்த்தால் நான்கு.
ஐந்தாவது குளத்தில் கிடக்கிறது, திலாப்பியா உள்ளே புகுந்து வெளியே வருகிறது.
பாத்தியில் சாய் சிம் அப்படியே.
ஓர் இலை கிழியவில்லை.
கூரை போனதை யாரும் இன்னும் அதற்குச் சொல்லவில்லை.

"குத்தகை முடிய எட்டு மாதம்.
அப்புறம் புல்டோசர் வருமென்று கடிதம் போட்டிருந்தார்கள்.
இது கடிதம் போடாமல் வந்துவிட்டது."
தியோ சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல்
கம்பியின் வளைவை இரண்டாம் முறை அளந்தேன்.

மருதையன், அரியலூர்ப் பக்கம்.
மோட்டாரை அணைக்க அறையிலிருந்து கிளம்பினாராம்.
"கதவைத் திறந்தேன் அக்கா.
கதவு கையில இருக்கு, ரூம் இல்லை."
எவ்வளவு நேரம் அடித்தது?
"காதுல இயர்போன். பாப்பா ஏழாம் வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தா.
ஏழஞ்சு முப்பத்தஞ்சுல புடிச்சுது.
அவ எழுபதுக்கு வந்தப்ப
மழை மட்டும்தான்."
இருபது வினாடி, ஏறத்தாழ, என்று எழுதினேன்.
பிறகு கேட்டேன், பாப்பா வேகமாகச் சொல்லுவாளா?
"இல்லைக்கா. ஏழெட்டுல எப்பவும் தடுமாறுவா."
இருபதை அடித்து முப்பது ஆக்கினேன்.

அவருடைய செருப்பு அறுபது மீட்டர் தள்ளி,
சேற்றில் குப்புற.
இடக்கால். அதையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தேன்.
"வலது கெடச்சா சொல்லுங்க" என்றார்.
புதுச்செருப்பு, போன ஞாயிறு தேக்காவில் வாங்கியது.

அதற்கப்பால் ராணுவப் பயிற்சி நிலம்.
நான்கு மொழியில் நுழையாதே என்கிறது பலகை.
காற்று நான்கையும் படிக்கவில்லை.
கம்பம் மடிந்து,
பலகையில் துப்பாக்கி நீட்டிய சிவப்பு மனிதன்
இப்போது தன் காலடிப் புல்லைக் குறிபார்க்கிறான்.
வரைபடத்தில் முந்நூறு மீட்டருக்குப் புள்ளிக்கோடு போட்டு
காரில் சுற்றிக்கொண்டு போனோம்.

மறுபடி பாதை கிடைத்தது அலையாத்திக் காட்டில்.
அகலம் குறைந்திருந்தது: இருபத்திரண்டு, பதினெட்டு, பன்னிரண்டு.
பிறகு கடல்வேலி.
பிறகு நீரிணை, அலையில்லாமல்,
ஒரு நீலத் தார்ப்பாய் மெதுவாக ஜொகூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது
கடவுச்சீட்டு இல்லாமல்.

முடிவு என்ற கட்டத்தில் என்ன எழுத என்று
ஹஃபீஸ் கண்ணாலேயே கேட்டான்.
வேலி என்று எழுது, என்றேன்.
அக்கரையில் ஒருவர் குனிந்து குனிந்து நடந்தார்.
நண்டு பிடிப்பவராக இருக்கலாம்.
அவர் கையிலும் நாடா இருக்கலாம்.

திரும்பும்போது வேர்களுக்கு நடுவே நீல வார் தெரிந்தது.
முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்தேன்,
நீரில் அலசினேன்.

இடக்கால்.
வேறு யாருடையதோ.